வெள்ளை ஸ்போர் கண்ணில் படாமல் நான் பட்ட பாடு

பால் காளான், பட்டன் காளான், புல்வெளியில் முளைக்கும் பச்சை ஸ்போர்க் காளான் மூன்றின் ஸ்போர்களையும் (காளான் விதைபோல் உதிர்க்கும் நுண்துகள்கள்) ஒரே ஸ்லைடில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று ஐப்பசி மழை தொடங்கியபோது நினைத்தேன். கார்த்திகை முடிகிற நேரத்தில்தான் முடிந்தது. நிறமுள்ள ஸ்போர் எந்தத் தொந்தரவும் தரவில்லை. அலைச்சல் எல்லாம் நிறமில்லாத ஸ்போரால்தான். சென்னையில் இந்த வேலையில் இறங்குகிறவர்கள் அதே அலைச்சலைப் படக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இதில் இறங்கக் காரணம் எங்கள் வேளச்சேரிக் குடியிருப்பின் புல்வெளி. மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்ததும் அங்கே பெரிய வெள்ளைக் குடைகள் வரிசையாக எழும்பும். மேலே பழுப்புச் செதில், தண்டில் ஒரு வளையம். பார்க்க அழகு. குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்பது அதன் பெயர். தின்றால் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆளைப் புரட்டிப் போட்டுவிடும். இளசாக இருக்கும்போது குடைக்கு அடியில் உள்ள மடிப்புகள், அதாவது செவுள், வெள்ளையாகத்தான் இருக்கும், ஸ்போர் முற்றிய பிறகே பச்சை ஏறும். கீழ்வீட்டுப் பாட்டி முந்தானையில் நாலைந்தைப் பறித்து வைத்துக்கொண்டு, "எங்க ஊர்ல இதைக் குழம்பு வெப்போம்மா" என்றார். வாயால் சொன்னால் கேட்க மாட்டார் என்று தெரிந்தது. நான் பள்ளியில் தாவரவியல் எடுக்கிறவள். கண்ணால் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முதல் முட்டுக்கட்டை கடையிலேயே வந்தது. பட்டன் காளானைக் குடை மூடியிருக்கும்போதே பறித்து டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். செவுளை மூடிய திரை கிழியாத காளான் ஸ்போர் உதிர்க்காது. விரிந்தது இருக்கிறதா என்று கேட்ட கடைகளில் எல்லாம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "புதுசு இருக்கும்போது பழசை ஏன்மா கேக்குறீங்க?" என்று ஒருவர் உண்மையான அக்கறையோடு கேட்டார். கடைசியில் செங்கல்பட்டுப் பக்கம் பால் காளான் வளர்க்கிற ஒருவர் கைகொடுத்தார். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏ.பி.கே.2 ரகம்தான் அவரிடம் இருந்தது. நம் ஊர்ச் சூட்டைத் தாங்கி வளர்வது அது. விற்பனைக்கு ஆகாமல் விரிந்து போன காளான்களை ஒரு பையில் போட்டுக் காசு வாங்காமல் கொடுத்தார். அவரிடம் பட்டன் காளான் கிடையாது. அதற்கு டப்பாக்களைப் புரட்டி, திரை கிழியத் தொடங்கியிருந்த ஒன்றைத் தேடி எடுத்து, ஈரத்துணி போட்டு வைத்து விரியவிட்டேன்.

உதிரும் ஸ்போர் தாளில் படிந்து விடும் தடம்தான் ஸ்போர் அச்சு, அதை எடுப்பது எளிது. தண்டை வெட்டி, தாளின் மேல் செவுள் கீழே பார்க்க வைத்து, மூடி, ராத்திரி முழுக்க விட்டால் போதும். சென்னைக்கு மட்டும் சிலவற்றைச் சொல்கிறேன். ஃபேனை நிறுத்தாமல் அச்சு எடுக்காதீர்கள். வெள்ளைத் தாளில் வெள்ளை ஸ்போர் விழுந்தால் தெரியாது, பாதி கறுப்பு பாதி வெள்ளையாகத் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். மழைக்காலத்துப் புல்வெளிக் காளானில் புழு இருக்கும், அது அச்சின் மேல் ஊர்ந்து கெடுத்துவிடும், அதனால் இரண்டு மூன்று குடைகளைச் சேர்த்தே வையுங்கள். காலையில் பட்டன் காளான் சாக்லேட் நிறத்திலும் பால் காளான் வெள்ளையாகவும் பச்சைக்காரன் மங்கிய பாசி நிறத்திலும் அச்சு விட்டிருந்தன.

அப்புறம்தான் பள்ளி மைக்ராஸ்கோப். 10 மடங்கு, 45 மடங்கு பெரிதாக்கும் இரண்டு ஆப்ஜெக்டிவ் லென்ஸ், கீழே கண்ணாடி, ஸ்லைடுக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சர். அதில் ஒளி வரும் வழியைச் சுருக்குகிற டயாபிரம் முழுதாகத் திறந்த நிலையில் சிக்கிக் கிடக்கிறது. பட்டன் காளான் ஸ்போரை வைத்ததும் அந்த நிலையிலும் பழுப்பு முட்டைகளாகப் பளிச்சென்று தெரிந்தது. அதே ஒளியில் பால் காளானை வைத்தால் வெட்டவெளி. ஸ்லைடில் ஒன்றுமே இல்லை என்று சத்தியம் செய்யலாம், அவ்வளவு வெறுமை.

காரணம் எளிது. நிறமுள்ள ஸ்போரின் சுவர் ஒளியை விழுங்குகிறது, அதனால் இருட்டாகத் தெரிகிறது. பழுப்பும் கறுப்பும் ஏறிய சுவர்களில் இருக்கும் மெலனின் போன்ற நிறமிகள் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கவும் உதவுகின்றன. நிறமற்ற ஸ்போர் ஒளியை விழுங்காது, கொஞ்சம் வளைக்க மட்டும்தான் செய்யும். டயாபிரத்தைச் சுருக்கினால்தான் அந்த வளைவு விளிம்பாகத் தெரியும். எனக்குச் சுருக்க வழியில்லை.

ரிப்பேருக்குக் கொடுத்தேன். வாரக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, லென்ஸைத் துடைத்து, பில் போட்டு, பணத்தையும் வாங்கிக்கொண்ட பிறகு, "டயாபிரத்துக்கு ஸ்பேர் வராது மேடம்" என்றார்கள். நான் கேட்டதே அது ஒன்றைத்தான்! நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. பணம் கொடுக்கும் முன், டயாபிரத்தைச் சுருக்கும் நெம்புகோலை உங்கள் கையாலேயே ஒருமுறை அசைத்துப் பாருங்கள்.

கைகொடுத்தது கறுப்பு சார்ட் அட்டை. கண்டென்சருக்குக் கீழே ஃபில்டர் வைக்கிற வளையத்தின் அளவுக்கு வட்டமாக வெட்டி, நடுவில் ஒரு சின்ன ஓட்டை போட்டு வைத்தேன். ஃபோகஸை மெல்லத் திருப்பியதும் வெட்டவெளியில் இருந்து பால் காளான் ஸ்போர்கள் வழவழப்பான குட்டி முட்டைகளாக எழுந்து வந்தன. ஆய்வக உதவியாளர் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவ்வளவு சந்தோஷம். ஓட்டையை ரொம்பவும் சின்னதாக்காதீர்கள். விளிம்பு கறுக்கும், ஆனால் நுணுக்கம் போய்விடும். கறுத்த தடித்த வளையத்தோடு உருண்டையாகத் தெரிவது காற்றுக்குமிழி, ஸ்போர் அல்ல.

நிறமில்லாத ஸ்போருக்கு நிறமேற்றும் சாயத்துக்குப் பாரிமுனை போனேன். லாக்டோஃபீனால் காட்டன் புளூ உடனே கிடைத்தது. ஆனால் பாட்டிலின் அடியில் வண்டல். வடிகட்டாமல் போட்டால் ஸ்லைடு முழுக்க நீலத் துகள்தான். கவர் ஸ்லிப் டப்பா அதைவிட மோசம், நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, புகை படிந்த மாதிரி மங்கலாக இருந்தது. கடையிலேயே திறந்து வெளிச்சத்தில் பாருங்கள், வீட்டில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். சாயத்தில் ஃபீனால் இருப்பதால் கையுறை அவசியம்.

பெரிய ஏமாற்றம் மெல்ஸர் கரைசலில்தான். வெளிறிய ஸ்போர்களைத் தரம் பிரிக்க அதுதான் வேண்டும். அயோடின், பொட்டாசியம் அயோடைடு, குளோரல் ஹைட்ரேட், தண்ணீர் கலந்தது. ஸ்போர் நீலக்கறுப்பாக மாறினால் ஒரு வகை, செம்பழுப்பானால் இன்னொரு வகை, மாறாவிட்டால் மூன்றாவது. குளோரல் ஹைட்ரேட் கேட்டதும் ஒரு கடையில், "பள்ளி லெட்டர் பேட்ல எழுதி, சீல் போட்டு எடுத்துட்டு வாங்க" என்றார்கள். தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்க நடையாய் நடந்து, சீல் வைத்துக் கொண்டுபோய் நீட்டினால், அன்று இருந்தவர் கடிதத்தைப் படிக்கக்கூட இல்லை. "அது நாங்க விக்கறதே இல்லையே." முதல் நாளே சொல்லியிருக்கலாமே! மெட்ரோவில் திரும்பி வரும்போது கண்ணீரே வந்துவிட்டது. போகும் முன் தொலைபேசியில் கூப்பிட்டு, சரக்கு கையில் இருக்கிறதா, எந்தக் காகிதம் வேண்டும் என்று இரண்டையும் கேட்டு, சொன்னவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு கல்லூரிப் பேராசிரியை, என்னோடு படித்தவள், ஒரு சின்னக் குப்பியில் மெல்ஸர் கரைசல் சில சொட்டுகள் கொடுத்தாள். அது விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

100 மடங்கு பெரிதாக்கும் ஆப்ஜெக்டிவுக்கு எங்கள் தெருமுனை ரத்தப் பரிசோதனைக் கூடத்து அண்ணன் உதவினார். சாயங்காலக் கூட்டம் குறைந்த பிறகு வரச் சொன்னார். "ஆயில் ஒரு சொட்டு போதும் மேடம், முடிஞ்சதும் நானே துடைச்சுக்கறேன்" என்றவர், பிறகு தானே ஆர்வமாகி இன்னொரு ஸ்லைடு கேட்டார்.

அங்கேதான் எதிர்பாராத ஒன்றைப் பார்த்தேன். தாளில் அவ்வளவு பாசி நிறமாக இருந்த பச்சை ஸ்போர், ஒற்றையாகப் பார்க்கும்போது ஏறக்குறைய நிறமே இல்லாமல் இருந்தது! தடித்த சுவர், ஒரு முனை சீவிவிட்டதுபோல் தட்டை, அங்கே ஒரு துளை. உருவத்தில் பால் காளானோடு குழப்பவே முடியாது. நீளமும் 8 முதல் 13 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை போகும், பால் காளான் ஸ்போர் அதைவிடச் சிறியது. ஆனால் நிறத்தை மட்டும் நம்பி, மைக்ராஸ்கோப்பில் வெளிறித் தெரிகிறது, ஆகவே வெள்ளை ஸ்போர்க் காளான் என்று ஒருவர் எழுதிவிட்டால் விளைவு மருத்துவமனைதான். நிறத்தைக் குவியலாக, அச்சில் பாருங்கள். உருவத்துக்கும் அளவுக்கும் மட்டும் மைக்ராஸ்கோப். மெல்ஸர் சொட்டியதும் அந்தப் பச்சை ஸ்போர்கள் செம்பழுப்பாக மாறின, பால் காளான் ஸ்போர் மாறவில்லை. காட்டன் புளூவில் பால் காளான் ஸ்போரின் உள்ளடக்கம் அழகாக நீலமேறியது, பட்டன் காளானின் பழுப்பு அந்த நீலத்தைக் கிட்டத்தட்ட மறைத்துவிட்டது. அதன் செவுள் விளிம்பில் ஸ்போரைத் தாங்கும் செல் ஒன்றுக்கு இரண்டிரண்டாக ஸ்போர்கள் நின்றதையும் பார்த்தேன். பெரும்பாலான காளான்களில் நான்கு நிற்கும்.

ஒப்பிடும்போது எல்லாவற்றையும் ஒரே திரவத்தில், ஒரே விளக்கில் வையுங்கள். மஞ்சள் பல்பு வெளிறிய ஸ்போரையும் மஞ்சளாக்கிக் காட்டும். இயல்பான நிறத்துக்குத் தண்ணீர்தான் நல்லது, சாயம் பிறகு.

பாட்டியிடம் பச்சை அச்சைக் காட்டினேன். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்போ வெள்ளையா அச்சு விழுந்தா திங்கலாமா?" என்று கேட்டார். கூடவே கூடாது. காளான் சாவுகளில் பெரும்பகுதிக்குக் காரணமான அமானிடா ஃபல்லாய்டிஸ் வெள்ளை ஸ்போர்க் காளான்தான். அதையும் சொன்னேன். பறித்ததைக் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

அடுத்து வைக்கோல் காளான் பார்க்க வேண்டும், அதன் அச்சு இளஞ்சிவப்பு. விரிந்த வைக்கோல் காளான் தரக்கூடிய வளர்ப்பாளர் சென்னைப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.