ஒரே எலக்ட்ரீஷியன், ஒரே நாளில் இரண்டு தளம்: ரிசோர்ஸ் லெவலிங்கைப் புரிந்து படிக்க ஒரு பயிற்சி

திட்ட மேலாளர்களுக்கான பிஎம்பி சான்றிதழ்த் தேர்வுக்குப் படிப்பவர்கள், கிரிட்டிக்கல் பாத் கணக்கை, அதாவது திட்டம் முடியும் தேதியைத் தீர்மானிக்கும் மிக நீண்ட வேலைத்தொடரைக் கண்டுபிடிக்கும் கணக்கை, பல முறை போட்டுப் பழகிவிடுகிறார்கள். அதையடுத்து வரும் ரிசோர்ஸ் லெவலிங், ரிசோர்ஸ் ஸ்மூத்திங் ஆகிய இரண்டையும் மட்டும் வரையறையாக மனப்பாடம் செய்துகொண்டு கடந்துபோகிறார்கள். நான் இந்தப் பகுதியை மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் மென்பொருளைத் திறந்துவைத்துக்கொண்டு, நான்கே டாஸ்க் கொண்ட ஒரு சிறிய அட்டவணையில் படித்தேன். தேர்வுக்கும் பின்னர் வேலைக்கும் அது உதவியதால், அந்தப் பயிற்சியை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பின்னணி. கிரிட்டிக்கல் பாத் முறை 1957 வாக்கில் டூபான்ட், ரெமிங்டன் ராண்ட் ஆகிய நிறுவனங்களில் பணியாற்றியவர்கள் சேர்ந்து உருவாக்கியது. எந்த வேலை எதன் பின் வரும், எத்தனை நாள் ஆகும் என்ற இரண்டை மட்டுமே அது கேட்கிறது. யார் செய்வார் என்று கேட்பதில்லை. ஆகவே ஒரே ஆளை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் நிறுத்தினாலும் அந்தக் கணக்கில் பிழை எதுவும் தெரியாது. ஒருவர் மேல் விழும் சுமையை அவரது வரம்புக்குள் கொண்டுவரும் லெவலிங் என்ற படி தனியாகத் தேவைப்படுவதற்கு இதுவே காரணம்.

பயிற்சி இதுதான். ஓர் அலுவலகக் கட்டடத்தில் மாடி வயரிங் 5 நாள், அது முடிந்தபின் மாடியில் ஃபால்ஸ் சீலிங் 4 நாள். தரைத்தள வயரிங் 3 நாள், அது முடிந்தபின் அங்கே பெயிண்ட் வேலை 2 நாள். இரண்டு வயரிங்கும் திங்கட்கிழமை தொடங்குகின்றன. இரண்டுக்கும் ஒரே எலக்ட்ரீஷியன், முழு நேரமாக. மாடி வழியில் 9 நாள், தரைத்தள வழியில் 5 நாள் என்பதால் திட்டம் 9 நாளில் முடியும் என்று மென்பொருள் காட்டும். ஆனால் முதல் மூன்று நாள்களில் எலக்ட்ரீஷியனின் சுமை 200 சதவீதம். வேலைகளை நாள்வாரியாகப் பட்டைகளாகக் காட்டும் கான்ட் சார்ட்டில் இரண்டு வயரிங் டாஸ்க்குகளின் அருகிலும் சிவப்பு ஆள் உருவம் தோன்றிவிடும். ரிசோர்ஸ் யூசேஜ் பார்வைக்குச் சென்றால் அந்த மூன்று நாள்களின் கட்டங்களிலும் 16 மணி என்று சிவப்பு எழுத்தில் இருக்கும்.

இப்போது ‘லெவல் ஆல்’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். தரைத்தள வயரிங்குக்கு 4 நாள் ஸ்லாக் (முடிவுத் தேதியைப் பாதிக்காமல் தாமதிக்கக்கூடிய இடைவெளி) இருக்கிறது, மாடிக்கு எதுவும் இல்லை. எனவே மென்பொருள் தரைத்தளத்தையே தள்ளும். மாடி முடிந்து அடுத்த திங்களன்று அது தொடங்கும், பெயிண்ட் முடிய 10 வேலைநாள் ஆகும். லெவலிங் டிலே என்ற நெடுவரிசையில் 5 என்று வராமல் 7 என்று வருவதைக் கவனியுங்கள். அது விடுமுறையையும் சேர்த்து எண்ணும் நாள்கணக்கு. பார்த்துவிட்டு ‘கிளியர் லெவலிங்’ கொடுத்தால் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். அந்தத் துணிவில் எத்தனை முறை வேண்டுமானாலும் சோதிக்கலாம்.

அடுத்து, லெவலிங் ஆப்ஷன்ஸில் ‘ஸ்லாக் இருக்கும் அளவுக்குள் மட்டும்’ என்ற கட்டத்தைத் தேர்ந்துவிட்டு மீண்டும் செய்யுங்கள். தரைத்தள வயரிங்கை அதிகபட்சம் 4 நாள்தான் தள்ள முடியும். தேவையோ 5 நாள். எனவே சுமையைச் சரிசெய்ய முடியவில்லை என்று மென்பொருள் சொல்லிவிடும். நீங்களே கையால் 4 நாள் தள்ளினால் ஐந்தாம் நாளில் மட்டும் மோதல் எஞ்சும், முடிவுத் தேதி 9 நாளிலேயே நிற்கும். இதுதான் ஸ்மூத்திங். லெவலிங்கில் ஆளின் வரம்பு உறுதி, தேதி நகரலாம், கிரிட்டிக்கல் பாத்தும் மாறலாம். ஸ்மூத்திங்கில் தேதி உறுதி, சுமை முழுதாகத் தீராமல் போகலாம். தேர்வில் சூழல் எவ்வளவு நீளமாக விவரிக்கப்பட்டிருந்தாலும், முடிவுத் தேதி நகர அனுமதி உண்டா என்று மட்டும் தேடினால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

பிரயாரிட்டி எண்ணையும் தொட்டுப் பாருங்கள். அது 0 முதல் 1000 வரை; தானாக அமைவது 500; 1000 கொடுத்த டாஸ்க்கை லெவலிங் நகர்த்தாது. தரைத்தளத்துக்கு 1000 கொடுத்தால் மாடி வயரிங் மூன்று நாள் தள்ளிப்போய், திட்டம் 12 நாளாக நீளும். “எங்கள் வேலைதான் முக்கியம்” என்று ஒவ்வொரு துறையும் பிரயாரிட்டியை உயர்த்தச் சொல்லும் அலுவலகங்களில் இந்த 12 என்ற எண்ணைக் காட்டுவது விவாதத்தைச் சுருக்கும்.

சிவப்பை மறைக்கச் சிலர் கையாளும் ஒரு வழி எனக்கு உடன்பாடில்லாதது. இரண்டு டாஸ்க்கிலும் ஆளை 50 சதவீதமாகக் குறைத்துவிடுவார்கள். சிவப்பு உடனே போய்விடும். ஆனால் வேலையின் அளவு மாறாததால் மாடி வயரிங் 10 நாளாகி, ஃபால்ஸ் சீலிங் முடிய 14 நாள் ஆகும். நாம் பார்த்த வழிகளிலேயே மோசமானது இதுதான்.

மென்பொருளுக்குத் தெரிந்தவை இரண்டே: வேலையைத் தள்ளுவது, துண்டாக்கித் தள்ளுவது. வேறு ஆளை அழைப்பது, வேலையைக் குறைப்பது, கூடுதல் நேரம் கொடுப்பது ஆகியவற்றை அது யோசிக்காது. நம் எடுத்துக்காட்டில் மோதுவது ஒரே ஒரு நாள் என்று ஸ்மூத்திங் காட்டிவிட்டதால், அந்த ஐந்தாம் நாளுக்கு மட்டும் இன்னொரு எலக்ட்ரீஷியனைக் கேட்டால் 9 நாள் காப்பாற்றப்படுகிறது. ஆகவே பொத்தானை அழுத்துவதற்கு முன்பு மனிதர் செய்யக்கூடியதைச் செய்துவிட வேண்டும் என்பது என் கருத்து. தேர்விலும் சரியான விடை பல நேரம் அந்தப் பக்கமே இருக்கும். பெரிய அட்டவணையில் மென்பொருள் தருவது மிகச் சிறந்த வரிசை என்றும் நம்ப வேண்டாம். வள வரம்புள்ள அட்டவணைச் சிக்கல் என்பி-ஹார்ட், அதாவது மிகச் சிறந்த விடையை வேகமாகக் கண்டறியும் வழி எதுவும் அறியப்படாத வகையைச் சேர்ந்தது என்று 1983-லேயே நிறுவப்பட்டுவிட்டது; மென்பொருள் சில விதிகளைக் கொண்டு ஓரளவு நல்ல விடையைத்தான் தேடுகிறது.

கடைசியாக, பாடநூல்கள் அதிகம் பேசாத ஓர் இடம். லெவலிங் முடிந்த 10 நாள் அட்டவணையில் மாடி வயரிங்குக்கு 1 நாள் ஸ்லாக் இருப்பதாக மென்பொருள் காட்டும். அதை நம்பி அந்த வேலையை ஒரு நாள் தாமதித்தால், எலக்ட்ரீஷியன் கீழே இறங்குவதும் ஒரு நாள் தள்ளும், திட்டம் 11 நாளாகிவிடும். ஆள் வழியாக இரண்டு வேலைகளும் பிணைந்திருப்பதை மென்பொருளின் ஸ்லாக் கணக்கு அறியாது. கிரிட்டிக்கல் செயின் என்ற முறை கவனிப்பது இந்தப் பிணைப்பைத்தான். எனவே வரிசை முடிவானபின் லெவலிங்கை நீக்கிவிட்டு, மாடி வயரிங்கிலிருந்து தரைத்தள வயரிங்குக்கு நேரடியாக ஓர் இணைப்பைக் கொடுத்துவிடுகிறேன். அப்போது மாடி வயரிங், தரைத்தள வயரிங், பெயிண்ட் என்ற வழி 10 நாளாக, கிரிட்டிக்கல் பாத்தாகவே தெரியும். 1 நாள் ஸ்லாக் ஃபால்ஸ் சீலிங்குக்கு மட்டும் எஞ்சும். தரைத்தள வயரிங் டாஸ்க்கின் குறிப்புப் பகுதியில் “ஆள் பற்றாக்குறையால் கொடுத்த இணைப்பு” என்று எழுதிவைப்பதும் அவசியம். இரண்டாவது எலக்ட்ரீஷியன் வந்து சேரும் நாளில் எந்த இணைப்பை எடுக்கலாம் என்று அட்டவணையைக் கையாளும் அடுத்தவருக்கு அதுதான் சொல்லும்.