வளையம் கழன்ற கதை

பீக்கரில் இருந்த தண்ணீரில் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். வெள்ளையாகத் திரிந்து அடியில் படிய வேண்டும். படியவில்லை. மூன்று வார வேலை, ஊற்றுத் தண்ணீர் மாதிரி தெளிந்து நின்றது.

நான் செய்யப் பார்த்தது பாலிரோடாக்ஸேன்: நீண்ட மூலக்கூற்று இழையில் வளைய மூலக்கூறுகளைக் கோத்த மாலை. சரியாக வந்தால் அது தண்ணீரில் கரையாது. ஆல்ஃபா சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்பது மாவுச்சத்திலிருந்து எடுப்பது. ஆறு குளுக்கோஸ் கைகோத்த வளையம். அதைத் தண்ணீரில் கரைகிற மட்டும் கரைத்து, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற இழை மூலக்கூற்றைச் சேர்த்தால், வளையங்கள் தாமாகவே அந்த நீண்ட இழையில் ஏறிக்கொள்ளும். கரைசல் வடிகஞ்சிபோல் வெளுக்கும். ஒசாகாவில் அகிரா ஹராடா 1990இல் காட்டியது இது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

கோப்பது சுலபம், முடிச்சுப் போடுவதுதான் பாடு. இரு நுனியிலும் அடமான்டேன் என்ற பருத்த மூலக்கூற்றை ஒட்ட வேண்டும். என் முடிச்சு பிடிக்கவில்லை; வளையமெல்லாம் கழன்று கரைந்துவிட்டது. கரைப்பானில் ஈரம் இருந்திருக்க வேண்டும். தவறு என்னுடையதுதான்.

மூலக்கூற்று இயந்திரங்களுக்கு 2016இல் வேதியியல் நோபல் கிடைத்தபோது எல்லோரும் பென் பெரிங்காவின் நான்கு சக்கரக் காரைப் பற்றித்தான் பேசினார்கள். அழகான கார். செம்புப் பரப்பில், கடுங்குளிரில், பத்து முறை மின்தூண்டல் கொடுத்து அது போன தூரம் 6 நானோமீட்டர்! எனக்குப் பிடித்தது டோக்கியோவின் கோசோ இட்டோ செய்த வேலை. அவர் இழையில் வளையங்களை நெருக்கிக் கோக்காமல், நகர இடம் விட்டுக் கோத்தார். பிறகு ஓர் இழையின் வளையத்தை இன்னோர் இழையின் வளையத்தோடு எட்டு வடிவில் பிணைத்தார். இழுத்தால் கிணற்று உருளையில் கயிறு ஓடுவதுபோல் இழை வளையத்துக்குள் ஓடும். சுமை ஒரே இடத்தில் விழாததால், இப்படிப் பிணைந்த ஜெல் அறாமல் நீளும். கீறல் விழாத மேற்பூச்சு வரை இது போயிருக்கிறது.

தானாக எதையும் தள்ளாத இதை இயந்திரம் என்று சொல்லலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கிணற்று உருளை ஓர் இயந்திரம் என்றால் இதுவும் இயந்திரம்தான். 2017இல் கொரிய ஆய்வாளர்கள் பேட்டரியின் சிலிக்கான் மின்முனையில் இதைச் சிறிதளவு பசையாகச் சேர்த்தார்கள். சார்ஜ் ஏறும்போது சிலிக்கான் மூன்று மடங்குக்கு மேல் உப்பும், துகள்கள் நொறுங்கும். இந்தப் பசை கூடவே நீண்டு, நொறுங்கியதையும் சிதறவிடாமல் பிடித்துக்கொண்டது.

அடுப்பில் இப்போது ஈரத்தை உறிஞ்சும் மூலக்கூற்றுச் சல்லடை உருண்டைகள் காய்கின்றன. கரைப்பான் அவற்றின் மேல் இரண்டு நாள் கிடக்கட்டும். அதற்குப் பிறகுதான் அடமான்டேன் புட்டியைத் திறப்பேன்.