எட்டு நொடி லைன் போனால் ஒலிபரப்பே ஏன் போகிறது?

காரணத்தை ஒருவழியாகப் பிடித்துவிட்டேன். ஐஸ்காஸ்ட் (இணைய வானொலி மென்பொருள்) சர்வரிலிருந்து, ஒலியைச் சுருக்கி அனுப்பும் என்கோடர் அவ்வப்போது அறுந்து போகிறது என்று யாரிடம் சொன்னாலும் வரும் பதில் "லைன் சரியில்லை". பாதிதான் உண்மை. லைன் போவது சில நொடிதான், மிச்ச வேலையைப் பார்ப்பது டிசிபி, அதாவது தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பும் இணைய நெறிமுறை.

சர்வர் லாக்கில் எப்போதும் ஒரே புலம்பல்: சாக்கெட் டைம்அவுட், சோர்ஸ் (என்கோடர்தான்) துண்டிப்பு. சோர்ஸ்-டைம்அவுட், அதாவது என்கோடரிடமிருந்து எதுவும் வராமல் சர்வர் பொறுத்திருக்கும் நேரம், இயல்பாகவே 10 நொடி. ஆனால் பிங் ஓடவிட்டுப் பார்த்தால் லைன் பத்து நொடி போனதே கிடையாது. ஏழு, எட்டு நொடியில் திரும்பிவிடுகிறது. பிறகு ஏன் துண்டிப்பு?

தானாகப் போகும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. நடுவில் ஒரு லினக்ஸ் பெட்டியை வைத்து, நெட்எம் (நெட்வொர்க் கோளாறைச் செயற்கையாக உண்டாக்கும் கருவி) மூலம் எட்டு நொடிக்கு நூறு சதவீத பாக்கெட் இழப்பை நானே கொடுத்தேன். என்கோடர் பக்கம் இணைப்பின் நிலையைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையை அரை நொடிக்கு ஒருமுறை ஓடவிட்டேன். இந்தத் திரையைப் பார்க்காமல் ஸ்ட்ரீமிங் பிரச்சினை பேசுகிறவர்களை இனி நம்பப் போவதில்லை. ஆர்டிஓ (பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும்வரை காத்திருக்கும் நேரம்) 240 மில்லிநொடி என்று நிற்கிறது. லைனை வெட்டியதும் 480, 960, 1920, 3840, 7680. பதில் வராத ஒவ்வொரு முறையும் காத்திருப்பு இரட்டிப்பாகிறது, பக்கத்திலேயே பேக்ஆஃப் (எத்தனை முறை இரட்டித்தது என்ற கணக்கு) எண் ஒவ்வொன்றாக ஏறுகிறது. கூட்டிப் பாருங்கள்: மறுமுயற்சிகள் ஏறத்தாழ 0.24, 0.72, 1.68, 3.6, 7.44 நொடிகளில். அதற்கு அடுத்தது 15.12! லைன் எட்டாவது நொடியிலேயே வந்துவிட்டது. என்கோடரோ பதினைந்தாவது நொடி வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. சர்வர் பத்திலேயே கதவைச் சாத்திவிட்டது. ஏழு நொடி வெட்டு பிழைப்பதும் எட்டு நொடி வெட்டு சாவதும் இதனால்தான்.

"சோர்ஸ்-டைம்அவுட்டை 60 ஆக்கு" என்பது எல்லா இடத்திலும் கிடைக்கும் இலவச அறிவுரை. எரிச்சல்தான் வருகிறது. ரவுட்டருக்கு ஐபி மாறி, பழைய இணைப்பு சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போனால், சர்வருக்கு அது தெரியாது. என்கோடர் புதிதாக வந்து கதவைத் தட்டும், 403 (அனுமதி மறுப்பு) வாங்கும்: மவுண்ட்பாயிண்ட் (சர்வரில் அந்த ஒலிபரப்புக்கான முகவரி) ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளதாம். பழைய பிணத்தை எடுக்கும்வரை புது ஆளுக்கு இடமில்லை, அந்த முழு 60 நொடிக்கும்.

ஆகவே சர்வரைத் தொடாமல் என்கோடர் பக்கமே மருந்து போட்டேன். லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) 6.15-இலிருந்து டிசிபி_ஆர்டிஓ_மேக்ஸ்_எம்எஸ் என்று, ஆர்டிஓவுக்கு உச்சவரம்பு வைக்கும் ஒரு சிஸ்கன்ட்ரோல் (கர்னல் அளவீடு) அமைப்பு இருக்கிறது. இயல்பு மதிப்பு 1,20,000 மில்லிநொடி, அதாவது இரண்டு நிமிடம். குறைந்தபட்சம் 1000 வைக்கலாம், அதையே வைத்தேன். இப்போது இரட்டிப்பு ஒரு நொடியோடு நின்றுவிடுகிறது. லைன் எப்போது திரும்பினாலும் அதிகபட்சம் ஒரு நொடிக்குள் என்கோடர் தட்டிவிடும். எட்டு நொடி வெட்டு, ஒன்பது நொடி வெட்டு, இரண்டுமே தாண்டியாயிற்று. சோர்ஸ்-டைம்அவுட் அதே 10.

இன்னொரு சங்கதி: வெட்டின்போது தேங்கும் ஒலிக்கு இடம் வேண்டும். 128 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 16,000 பைட். ஸெண்ட்-க்யூ (எஸ்எஸ் காட்டும், அனுப்பக் காத்திருக்கும் பைட்டுகள்) அந்த வேகத்தில் ஏறிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் சட்டென்று நின்றுவிடும். கர்னல் பஃபர் நிறைந்துவிட்டது என்று பொருள், அதற்குமேல் என்கோடரின் சொந்த பஃபர்தான் கதி. அனுப்பு பஃபரின் அளவைச் சொல்லும் டிசிபி_டபிள்யூமெம் அமைப்பின் நடு எண்ணை (இயல்பு அளவு) 16,384-லிருந்து 5,24,288-க்கு ஏற்றியதும் ஸெண்ட்-க்யூ நிற்காமல் ஏறியது.

கேட்பவர் பக்கம் இன்னும் முடியவில்லை. ஐஸ்காஸ்ட்டின் பர்ஸ்ட்-சைஸ் (கேட்பவர் இணைந்ததும் மொத்தமாகத் தரும் சரக்கு) இயல்பாக 65,535 பைட், இந்த பிட்ரேட்டில் நான்கு நொடிச் சரக்கு. எட்டு நொடி வெட்டில் கேட்பவருக்கு நான்கைந்து நொடி மௌனம் நிச்சயம். 1,92,000 வைத்தால் பன்னிரண்டு நொடி கையிருப்பு, ஆனால் நேரலை அந்த அளவுக்குப் பின்தங்கும். தொலைபேசியில் நேயர் பேசும் நிகழ்ச்சிக்கு அது தலைவலி, பாட்டுக்குப் பரவாயில்லை.

நடுவே சவுண்ட் கார்டு பற்றி ஒரு குறிப்பு. நாள் முழுக்க ஓடும் ஸ்ட்ரீமில் லைன் நன்றாக இருந்தும் எப்போதாவது ஒரு "டிக்" கேட்டால் நெட்வொர்க்கைத் திட்டாதீர்கள். கார்டின் கடிகாரமும் கணினியின் கடிகாரமும் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) விலகினாலே ஒரு நாளைக்கு 4.3 நொடி வித்தியாசம். பஃபர் எங்காவது வழிந்தோ வற்றியோதான் ஆகவேண்டும்.

அடுத்து முயலப்போவது எஸ்ஆர்டி, டிசிபிக்குப் பதிலாக நேரலைக்கென்றே உள்ள அனுப்பு நெறிமுறை. சர்வரில் லிக்விட்சோப்பை (ஒலி ஸ்ட்ரீமைக் கையாளும் மென்பொருள்) உட்காரவைத்து, என்கோடரிலிருந்து அதற்கு எஸ்ஆர்டி, அங்கிருந்து உள்ளுக்குள்ளேயே ஐஸ்காஸ்ட்டுக்கு. அதையும் சர்வரோக நிவாரணி என்று நினைக்கவில்லை. லேட்டன்சி (தொலைந்ததை மீட்கக் கிடைக்கும் தாமத அவகாசம்) இயல்பு 120 மில்லிநொடி, எதிர்முனை ஐந்து நொடி பேசாவிட்டால் இணைப்பையே முறித்துக்கொள்ளும். இரண்டையும் ஏற்றாமல் மாறினால் இப்போது இருப்பதைவிட மோசம். அதற்கு முன் ஃபால்பேக் மவுண்ட்டுக்கான (நேரலை அறுந்தால் கேட்பவர் தற்காலிகமாக மாறும் இடம்) எம்பி3 கோப்பை நேரலையின் அதே சாம்பிள் ரேட்டில், அதே ஸ்டீரியோவில் மறுபடி செய்ய வேண்டும். இப்போது இருப்பது 48,000, நேரலை 44,100. மாறும் இடத்தில் சில பிளேயர்கள் ஒலியின் வேகத்தையும் சுருதியையும் மாற்றிவிடுகின்றன.