திருத்தினேன், கம்பைல் செய்தேன், விடை மட்டும் மாறவில்லை

தமிழ் உரைக்கோப்புகளில் எழுத்துகளை எண்ணும் வேலை ஒன்று வந்தது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தான் நிரல்மொழியிடம் கேட்டால் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஒவ்வொரு யூனிகோடு குறியையும் தனியாக எண்ணுகிறது. நமக்கு வேண்டியது 3. உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் விட்டுவிட்டு எண்ணினால் போதும் (க்ஷ, ஸ்ரீ கதை வேறு). பத்து வரியில் ஒரு பைத்தான் மாட்யூல் (வேண்டும்போது அழைத்துக்கொள்ளும் நிரல் கோப்பு) எழுதி, ‘எழுத்து’ என்று பெயர் வைத்தேன். விடை சரிதான். ஆனால் பெரிய கோப்பைக் கொடுத்துவிட்டு டீ குடித்து வந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

அதே வேலையை வேகமான சி மொழியில் எழுதி, கம்பைல் செய்து (இயந்திர மொழிக்கு மாற்றி), பைத்தான் ப்ராம்ப்டில் (கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டும் இடம்) இம்போர்ட் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். சி நிரலுக்குத் தேவையான பைத்தானின் ஹெடர் கோப்பு இல்லை என்று முதலில் திட்டு விழுந்தது. அது அடங்கிய டெவ் பேக்கேஜை நிறுவியதும் அது சரியானது. கம்பைல் ஆன ‘.எஸ்ஓ’ கோப்பும் பிறந்தது. இம்போர்ட் செய்தேன், பிழை இல்லை. ‘தமிழ்’ கொடுத்தேன், 3 வந்தது. பெரிய கோப்பைக் கொடுத்தேன். பழைய அதே ஆமை வேகம்.

சி மொழியின் மீதே சந்தேகம் வந்துவிட்டது. அரை நாள் அந்த லூப்பையே முறைத்துப் பார்த்தேன். கடைசியில் சும்மா ஒரு யோசனையில், ப்ராம்ப்டில் மாட்யூலின் ‘ஃபைல்’ பண்பை (மாட்யூல் எந்தக் கோப்பிலிருந்து ஏறியது என்று சொல்லும்; முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்டு எழுதுவார்களே, அது) அச்சிட்டுப் பார்த்தேன். அது காட்டியது என் பழைய பைத்தான் கோப்பை!

நான் கம்பைல் செய்தது உபுண்டு இயங்குதளத்தோடு வந்த பைத்தான் 3.10 பதிப்பில். ப்ராம்ப்ட் ஓடியது விர்ச்சுவல் என்விரான்மென்டில் (தனியாக அமைத்துக்கொண்ட பைத்தான் சூழல்) இருந்த 3.12-இல். ‘.எஸ்ஓ’ கோப்பின் பெயருக்குள்ளேயே சிபைத்தான், 310 என்று பதிப்பின் முத்திரை இருக்கிறது. 3.12 அந்தப் பெயரைத் தன்னுடையதாகவே எடுத்துக்கொள்வதில்லை. பக்கத்தில் அதே பெயரில் பைத்தான் கோப்பு இருந்ததால் சத்தமில்லாமல் அதை எடுத்துக்கொண்டது. அந்தக் கோப்பு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் மாட்யூலே இல்லை என்று கத்தியிருக்கும், எனக்கு அரை நாள் மிஞ்சியிருக்கும்.

3.12-லேயே மறுபடி கம்பைல் செய்தேன். அந்தப் பதிப்பிலிருந்து கம்பைல் செய்ய உதவும் டிஸ்ட்யூட்டில்ஸ் பைத்தானோடு வருவதில்லை என்பதால் அதற்குப் பதிலாக செட்டப்டூல்ஸைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. இப்போது இரண்டு கோப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் கம்பைல் செய்ததற்குத்தான் முன்னுரிமை. இம்போர்ட் ஆனது, வேகம் பறந்தது. ‘தமிழ்’ கொடுத்தேன். 4.

இது என் தப்பு. விட வேண்டிய குறிகளை 3006 முதல் 3020 வரை என்று எழுதியிருந்தேன். புள்ளியின் எண் 3021. புள்ளியையும் ஓர் எழுத்தாக எண்ணிவிட்டது. ஒரே ஒரு இலக்கத்தைத் திருத்தி, கம்பைல் செய்து, திறந்திருந்த ப்ராம்ப்டில் மாட்யூலை மறுபடி ஏற்றும் ரீலோட் கொடுத்தேன். 4. ஏற்றிய மாட்யூல்களை வைத்திருக்கும் ‘சிஸ்.மாட்யூல்ஸ்’ பட்டியலிலிருந்து பெயரையே அழித்துவிட்டு மறுபடி இம்போர்ட் செய்தேன். அப்போதும் 4.

பைத்தான் கோப்பு என்றால் ரீலோட் அதைப் புதிதாகப் படித்து ஓட்டும். ‘.எஸ்ஓ’ அப்படி இல்லை. இயங்குதளம் ஒருமுறை அதை அந்தப் ப்ராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின்) நினைவகத்தில் ஏற்றிவிட்டால், அதே பெயரில் திரும்பக் கேட்கும்போது ஏற்கெனவே ஏற்றியதையே கையில் கொடுத்துவிடும். டிஸ்கில் நான் என்ன மாற்றினாலும் ப்ராம்ப்டுக்குத் தெரியாது.

இது புரிவதற்குள் இன்னொன்றும் செய்து பார்த்தேன். வேறொரு ஃபோல்டரில் கம்பைல் செய்த புதிய கோப்பை, ஓடிக்கொண்டிருந்த ப்ராம்ப்ட் பயன்படுத்தும் கோப்பின் மேலேயே நகலெடுக்கும் ‘சிபி’ கட்டளையால் எழுதினேன். ஃபங்ஷனை அழைத்ததும் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ (நினைவகப் பிழை) என்று ஒரு வரி. ப்ராம்ப்ட் காலி, அதில் வைத்திருந்த மாறிகள் எல்லாம் காலி. நினைவகத்தில் ஏற்றிய கோப்பின் உள்ளடக்கத்தையே காலடியிலிருந்து உருவினால் வேறென்ன நடக்கும். கோப்பை நகர்த்தும் ‘எம்வி’ கட்டளையால் மாற்றினால் பழைய கோப்பு அந்தப் ப்ராசஸுக்கு அப்படியே இருக்கும், செத்துப்போகாது. ஆனால் பழைய விடைதான் வரும்.

ஆக, ப்ராம்ப்டை மூடித் திறப்பதைத் தவிர வழியில்லை. அதற்காக இம்போர்டையும் சோதனைச் சொற்களையும் ஒரு சின்ன கோப்பில் எழுதி, பைத்தானை ‘-ஐ’ (ஆங்கில i) என்ற தேர்வோடு ஓட்டுகிறேன். கோப்பை ஓட்டி முடித்துவிட்டு ப்ராம்ப்டிலேயே நிற்கும். கண்ட்ரோல்-டியால் மூடுவது, கம்பைல், மறுபடி அதே கட்டளை. முதல் வரியாக மாட்யூலின் ‘ஃபைல்’ பண்பை அச்சிடச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பழைய பைத்தான் கோப்பின் பெயரையும் மாற்றிவிட்டேன்.

>>> 3