ஐந்து கிலோ சர்க்கரை

எங்கள் ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் பண்ணும் தம்பிக்குப் போன மாதம் கல்யாணம் ஆனது. "அண்ணே, புதுசா ரேஷன் கார்டு போடணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டான். ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டிய பேச்சு. நான் ஒரு மணி நேரம் இழுத்துவிட்டேன். பாதியில் அவன் கேட்டதை விட்டு என் சொந்தக் கதைக்குப் போய்விட்டேன். அவன் பாவம், டீ ஆறும் வரை கேட்டுக்கொண்டிருந்தான். மிச்சத்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக் கார்டு சர்க்கரைக் கார்டு. அப்பா காலத்தில் வெள்ளை அட்டை. 2017இல் ஸ்மார்ட் கார்டு வந்தபோது அதுவே என்.பி.எச்.எச்-எஸ் என்ற வகை ஆனது, கடைசி எஸ் சர்க்கரைக்கு. அரிசி கிடையாது, அதற்குப் பதிலாக மூன்று கிலோ சர்க்கரை கூடுதல். வீட்டில் நாலு பேர், ஆளுக்கு அரைக் கிலோ என்று இரண்டு கிலோ, அதோடு இந்த மூன்று. ஆக மாதம் ஐந்து கிலோ சர்க்கரை, கிலோ 25 ரூபாய். பருப்பும் பாமாயிலும் எல்லாரையும் போல எங்களுக்கும் உண்டு. பக்கத்து வீடுகளுக்கு 20 கிலோ அரிசி. அதுவும் 2011 ஜூனிலிருந்து காசே இல்லாமல்.

அப்பா பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஏன் சர்க்கரைக் கார்டு என்று கேட்டால், "வாங்கித் திங்க சம்பளம் இருக்கறப்ப அந்த அரிசிக்கு நாம போய் நிக்கக் கூடாதுடா" என்பார். அம்மா சொல்லும் காரணம் வேறு. "குவார்ட்டர்ஸ்ல கூட வேலை பார்க்கிறவங்க எல்லாம் சர்க்கரைக் கார்டு. இவருக்கு மட்டும் அரிசிக் கார்டுன்னா கௌரவம் என்ன ஆகுறது?" அப்பாவிடம் இரண்டுமே இருந்தன என்றுதான் நினைக்கிறேன். எனக்கு வந்து சேர்ந்தது இரண்டாவது மட்டும்.

2019 நவம்பரில், சர்க்கரைக் கார்டு வைத்திருப்பவர்கள் விரும்பினால் அரிசிக் கார்டாக மாற்றிக்கொள்ளலாம் என்று அரசு சில நாட்கள் அவகாசம் கொடுத்தது. அடுத்த பொங்கலுக்கு அரிசிக் கார்டுக்கு ஆயிரம் ரூபாய் என்பதால் தெருவே அந்தப் பேச்சாக இருந்தது. அம்மா இரண்டு தடவை சொன்னார். "ஆயிரம் ரூபாய்க்காகப் போய் வரிசையில நிக்கச் சொல்றியா?" என்றேன். அப்போது கையில் தை மாதத்துக்கு மட்டும் ஆறு கல்யாண ஆர்டர் இருந்தது. புது லென்ஸ் தவணையில் எடுத்திருந்தேன். ஆறு ஆர்டர் இருக்கிற போட்டோகிராபர் ரேஷன் அரிசியைப் பற்றி யோசிப்பானா?

நாலே மாதம்.

மார்ச் 24. ராத்திரி பிரதமர் 21 நாள் ஊரடங்கு என்றார். அன்றைக்கே சட்டசபையில் முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்திருந்தார்: ஆயிரம் ரூபாய், ஏப்ரல் மாதத்து அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் இலவசம், அரிசி அட்டைதாரர்களுக்கு. அந்தக் கடைசி இரண்டு சொல்லும் டிவியில் ஓடியபோது அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் பரவாயில்லை.

சித்திரையில் நாலு, வைகாசியில் ஐந்து கல்யாணம் புக் ஆகியிருந்தன. வாங்கிய அட்வான்ஸ் லென்ஸுக்கும் ஸ்டுடியோ வாடகைக்கும் போய்விட்டது. மூன்று வீட்டார் "தேதிதான தள்ளிப்போகுது, அட்வான்ஸ் உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி" என்றார்கள். இரண்டு வீட்டார் திருப்பிக் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் மண்டபத்துக்காரர் திருப்பித் தரவில்லை. கொடுத்து முடித்தபோது பேங்க்கில் நாலாயிரத்துச் சொச்சம். ரிசர்வ் வங்கி மூன்று மாதம் தவணை கட்ட வேண்டாம் என்று சொன்னதால் ஏதோ மூச்சு விட்டேன்.

டோக்கன் கொடுக்க ரேஷன் கடை ஆள் தெருவுக்கு வந்தார். கூட்டம் சேரக் கூடாது என்று டோக்கனில் நாளும் நேரமும் எழுதி வீடு வீடாகக் கொடுத்தார்கள். எங்கள் கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, நோட்டில் விரலை ஓட்டி, "உங்களுது எஸ்ஸு சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் என்னவோ மார்க் ஷீட்டில் ஃபெயில் என்று படித்தது மாதிரி இருந்தது.

அன்று மதியமே கார்டு வகையை மாற்ற ஆன்லைனில் உட்கார்ந்தேன். உள்ளே போகப் பதிவு செய்த மொபைல் எண்ணைக் கொடுக்க வேண்டும், அதற்கு ஓடிபி வரும். பதிவு செய்திருந்தது அப்பாவின் எண். அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ரீசார்ஜ் பண்ணாமல் அந்த நம்பரும் போயிருந்தது. கார்டில் இன்னும் அவர்தான் குடும்பத் தலைவர், அவர் போட்டோதான். ஓடிபி அனுப்பப்பட்டது என்று திரை சொன்னது. எங்கே யாருக்குப் போயிற்றோ. மூன்று தடவை அழுத்தினேன். அந்த எண்ணை இப்போது வைத்திருக்கும் யாரோ ஒருவருக்கு மூன்று மெசேஜ் போயிருக்கும்.

மறுநாள் வட்ட வழங்கல் அலுவலகம். வழியில் இரண்டு இடத்தில் போலீஸ் மறித்தார்கள். வாசலில் மேசையைக் குறுக்கே போட்டு, கயிறு கட்டி, அதற்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு எழுத்தர். ஐம்பது வயது இருக்கும். கைக்குட்டையை மாஸ்க் மாதிரி கட்டியிருந்தார். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார், அதற்கே கும்பிட வேண்டும்.

"சார், அரிசியிலேர்ந்து சர்க்கரைக்கு எப்ப வேணா மாறலாம். சர்க்கரையிலேர்ந்து அரிசிக்கு அரசு சொன்னாத்தான். நவம்பர்ல சொன்னாங்களே, நீங்க பாக்கலியா?"

பார்த்தேன் என்று சொல்ல முடியுமா? பேசாமல் நின்றேன்.

"மனு ஒண்ணு எழுதிக் குடுங்க, மேல அனுப்புறோம். ஆனா அதை நம்பி இருக்காதீங்க. முதல்ல இறந்தவர் பேரை எடுங்க, தலைவர் பேரை அம்மா பேருக்கு மாத்துங்க, மொபைல் நம்பரை மாத்துங்க. இதைப் பண்ணாம அடுத்த தடவை அரசு சொன்னாலும் உங்களால உள்ள போக முடியாது."

அந்த வருடம் எனக்குக் கிடைத்த உருப்படியான யோசனை அதுதான். இறப்புச் சான்று நகல், அம்மாவின் ஆதார், போட்டோ எல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன்.

மனுவை ராத்திரி எழுதினேன். 'பெறுநர்' போட்டாயிற்று, 'பொருள்' போட்டாயிற்று. 'ஐயா, வணக்கம்' வரைக்கும் கை ஓடியது. அதற்கப்புறம் நின்றுவிட்டது. கல்யாணப் பத்திரிகைக்கும் ஆல்பத்துக்கும் எத்தனையோ வாசகம் எழுதியிருக்கிறேன், 'நான் வறுமையில் வாடுகிறேன்' என்று எழுத வரவில்லை. பொய் மாதிரியும் இருந்தது, உண்மை மாதிரியும் இருந்தது. மேசைக்கு மேலே ஒன்றரை லட்ச ரூபாய் கேமரா, சிலிகா ஜெல் பாக்கெட்டோடு பெட்டியில் தூங்குகிறது. சமையலறையில் அரிசி டப்பாவைச் சாய்த்து வைத்து மனைவி டம்ளரால் அள்ளுகிறாள். இதில் எதை எழுதுவது? கேமராவை விற்றுவிடலாமே என்று படிக்கிற அதிகாரி நினைக்க மாட்டாரா? ஊரடங்கில் அதை வாங்க யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தனியாக ஒரு பத்தி எழுத வேண்டுமா?

அம்மா எட்டிப் பார்த்தார். "இவ்ளோ நேரமா என்ன எழுதுற? வேலை இல்ல, வருமானம் இல்ல, அரிசி வேணும். அவ்ளோதான?" என்றார். அதையே எழுதினேன். நாலு வரி. கையெழுத்துக்குப் பதிலாக முதலில் ஸ்டுடியோ சீலை எடுத்தேன், பழக்க தோஷம். பிறகு வைத்துவிட்டேன். மாதாந்திர வருமானம் என்ற இடத்தில் 'தற்சமயம் இல்லை' என்று போட்டேன்.

மனுவுக்கு அந்த ஏப்ரலில் பதில் வரவில்லை. எழுத்தர் முன்னாடியே சொல்லிவிட்டதால் ஏமாற்றமும் இல்லை.

அரிசி வேறு வழியில் வந்தது. தெரு முனையில் அயர்ன் வண்டி வைத்திருக்கும் அக்காவுக்கு அரிசிக் கார்டு. மாதாந்திர அரிசியோடு மத்திய அரசின் ஆளுக்கு ஐந்து கிலோவும் சேர்ந்து வர ஆரம்பித்திருந்தது. துணி தேய்க்க யாரும் வரவில்லை, அவர் நிலைமையும் என் நிலைமைதான். ஒரு நாள் கேட்டில் நின்று, "தம்பி, உங்க வீட்ல சர்க்கரை இருக்குமாமே? எங்க வீட்ல ஆம்பளப் பசங்க நாலு பேரும் உக்காந்து நாளைக்கு ஆறு வேளை டீ குடிக்கிறானுங்க" என்றார். ஐந்து கிலோ சர்க்கரைக்குப் பத்து கிலோ அரிசி. கணக்கு அவரே போட்டார். 125 ரூபாய்ச் சர்க்கரை, காசில்லாமல் வந்த அரிசி; யாருக்கு லாபம் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அந்த அரிசியை அம்மா முறத்தில் கொட்டிப் புடைத்தார். கறுப்பு அரிசி, ஒன்றிரண்டு நெல், சிறு கல், சாக்கு நூல். பொறுக்கி முடிக்க முக்கால் மணி நேரம். முதல் கழுநீர் மஞ்சளாக வந்தது, நாலாவது தண்ணீரில்தான் வெளுத்தது. கொதிக்கும்போது ஒரு வாடை கிளம்பியது, என் மகள் மூக்கைப் பொத்தினாள். கஞ்சியை வடித்து, கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டுக் கிளறி, வத்தக்குழம்போடு போட்டார். சாப்பிட்டோம். மறுநாள் உளுந்து சேர்த்து ஆட்டிய இட்லி இருக்கிறதே, அதைக் குறை சொல்ல நாக்கு வேண்டும். எங்கள் தெருவில் அரிசிக் கார்டு வைத்திருக்கும் வசதியானவர்கள் ஏன் இட்லிக்கு மட்டும் ரேஷன் அரிசி வாங்குகிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இத்தனை வருடம் அவர்களைப் பற்றி நான் நினைத்ததை இங்கே எழுத மாட்டேன்.

எழுத்தர் சொன்னபடி அப்பா பெயரை எடுத்து, அம்மாவைத் தலைவராக்கி, என் நம்பரைப் போட ஆகஸ்ட் ஆகிவிட்டது. ஐம்பது பேரோடு கல்யாணம் நடக்க ஆரம்பித்திருந்தது, அதில் பாதி ஆர்டர் 'போட்டோ மட்டும் போதும்' ரகம். டிசம்பரில் மறுபடி அரசு வாய்ப்புக் கொடுத்தது. 20ஆம் தேதி கடைசி. செய்தி வந்த அன்றே உட்கார்ந்தேன். ஓடிபி என் கைக்கே வந்தது. கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

2021 பொங்கலுக்கு 2,500 ரூபாயும் முழுக் கரும்பும் வாங்கப் போனபோது வரிசையில் எனக்குத் தெரிந்த முகம் நாலைந்து இருந்தது. மாஸ்க் வாழ்க. அதற்குள் கைரேகை மெஷின் வந்திருந்தது. அம்மாவின் ரேகை விழவில்லை, நாற்பது வருடம் பாத்திரம் தேய்த்த கை. ஈரத்துணியில் துடைத்து நாலு விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் என் கட்டை விரலில் பில் போட்டார் கடைக்காரர். மே மாதம் அடுத்த ஊரடங்கில் புது அரசு கொடுத்த முதல் தவணை 2,000 ரூபாயை வாங்கப் போனபோது எனக்கு வெட்கம் எதுவும் இல்லை, வெயில்தான் இருந்தது.

இனி தம்பி கேட்டதற்கு வருகிறேன். உன் பெயர் உன் அப்பா கார்டிலும், உன் மனைவி பெயர் அவள் அப்பா கார்டிலும் இருக்கும். இரண்டையும் முதலில் நீக்க வேண்டும், அது முடியாமல் புதுக் கார்டுக்குப் போட்டால் ஆதார் எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். கேஸ் இணைப்பு இருந்தால் அந்த விவரமும் தயாராக இருக்கட்டும். விசாரணைக்கு வீட்டுக்கு வருவார்கள், தனி அடுப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மாடியில் தங்கிக்கொண்டு கீழே அம்மா வீட்டில் சாப்பிட்டால் அது தனிக் குடும்பம் ஆகாது. மொபைல் நம்பர், தினமும் உன் பாக்கெட்டில் இருக்கும் நம்பராக இருக்கட்டும். வகை கேட்கும் இடத்தில் அரிசி என்று போடு. வேண்டாம் என்றால் வாங்காமல் இருந்துகொள், கார்டு உன் கையில்தானே இருக்கிறது.

எங்கள் கார்டு மாறியதில் அம்மாவுக்கு ஒரே ஒரு வருத்தம். சர்க்கரை இப்போது மாதம் இரண்டு கிலோதான். இருபதாம் தேதி வாக்கில் டப்பா காலியாகிவிடுகிறது. நேற்றுகூட டீயில் சர்க்கரை போதவில்லை என்று சொன்னேன்.

"அந்த அயர்ன்கார அக்காகிட்ட இருக்கான்னு கேட்டுட்டு வா" என்றார்.