மழைக்கால ரக்பி: பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பும் வீட்டாருக்கு

தாராவி, சயான், மாட்டுங்கா பக்கத்திலிருந்து எங்கள் ரக்பி பயிற்சியில் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இந்த மழையிலயா சார்?" என்பதுதான். ஆமாம், மழையில்தான். மும்பையில் ரக்பி மழைக்காலத்து ஆட்டம். மழை ஓய்ந்தால் மைதானம் கிரிக்கெட்டுக்குப் போய்விடும், தரையும் செங்கல்லாக இறுகிவிடும். அதில் விழுந்து புரண்டால் முழங்கால் தோல் மிஞ்சாது. ஜூனில் மண் இளகினால்தான் டேக்கிள் (பந்தோடு ஓடுகிறவனைக் கட்டிப்பிடித்துத் தரையில் வீழ்த்துவது) பழக்க முடியும்.

இந்த ஆட்டம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1872 கிறிஸ்துமஸ் அன்றே கல்கத்தாவில் ஆடியிருக்கிறார்கள். அதைத் தொடர்ந்து உருவான கிளப் சில வருடங்களிலேயே ஆளில்லாமல் கலைந்தபோது, வங்கியில் மீதமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். கைப்பிடிகள் நாகப்பாம்பு, மூடியில் யானை. 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதுவது அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான். மும்பையில் ஆசாத் மைதானத்தை ஒட்டிய பம்பாய் ஜிம்கானா 1875இல் தொடங்கியது. வெகுகாலம் இது வெள்ளைக்காரர்களும் பட்டாளத்துக்காரர்களும் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் ஆடிய ஆட்டம். இந்திய அணி சர்வதேச ஆட்டத்தில் இறங்கியதே 1998இல்தான். பெண்கள் அணி 2019இல் சிங்கப்பூரை 21-19 என்று வென்றது, "பொண்ணுக்கு எதுக்கு இது?" என்று கேட்கிற மாமாக்களுக்கு நாங்கள் சொல்வது அந்த ஸ்கோரைத்தான். 2025இல் அந்தேரியில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கைச் சென்னை புல்ஸ் ஜெயித்த பிறகு, ரக்பி என்றால் என்ன என்று விளக்கும் வேலை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

சேர்ந்த முதல் நாளே வீட்டில் தகராறு வருவது கயிற்றால். தாயத்து, அரைஞாண், கோயிலில் கட்டிய மணிக்கட்டுக் கயிறு, தோடு, மூக்குத்தி எல்லாம் கழற்றியாக வேண்டும். ரக்பி விதியே நகைக்கு இடம் தருவதில்லை. ஜெர்சியைப் பிடிக்கப் போகும் விரல் கயிற்றில் மாட்டினால் விரல் மூட்டு பிசகும். தோட்டில் மாட்டினால் காது மடல் கிழியும். மேலே பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வருவது போதாது. காது குத்துவதாக இருந்தால் மழைக்காலம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குத்திய புதிதில் தோட்டைக் கழற்றினால் துளை தூர்ந்துவிடும். நகமும் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும்.

ஃபுட்பால் பூட்ஸ் போதும், புதிதாக வாங்க வேண்டாம். ஆணி வைத்த கிரிக்கெட் ஷூ மட்டும் கூடாது. பூட்ஸின் அடியிலுள்ள குமிழ்களை (ஸ்டட்) விரலால் தடவிப் பாருங்கள். தேய்ந்து விளிம்பு கூராக இருந்தால் அடுத்தவன் தோலைக் கிழிக்கும்.

பல்லைக் காக்க வாயில் மாட்டும் உறையான மவுத்கார்டில்தான் பலர் காசை வீணடிக்கிறார்கள். வெந்நீரில் போட்டுக் கடிக்கும் வகை என்றால், தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் விட்டு, பாக்கெட்டில் எத்தனை விநாடி போட்டிருக்கிறதோ அத்தனை விநாடி மட்டும் போடுங்கள். கூடுதலாகக் கிடந்தால் குழைந்து உருமாறிவிடும். எடுத்து ஒரு கணம் குளிர்ந்த நீரில் நனைத்து, மேல்பல்லில் பொருத்தி, கடித்து, உதட்டை மூடி உறிஞ்ச வேண்டும். வெளியிலிருந்து விரலால் ஈறோடு அழுத்திவிடுங்கள். பிறகு குளிர்ந்த நீர். வாயைத் திறந்தாலும் கீழே விழாமல் நிற்க வேண்டும். விழுந்தால் மறுபடி செய்யுங்கள். பல்லில் கம்பி கட்டியிருந்தால் இந்த வகை வேண்டாம், பல் டாக்டரிடம் கேளுங்கள்.

டேக்கிளைப் பார்த்துத்தான் அம்மாக்கள் பயப்படுகிறார்கள். அதனாலேயே அதைப் படிப்படியாகப் பழக்குகிறோம்: முதலில் இருவரும் முட்டிபோட்டு, பிறகு குந்தி, பிறகு நடந்து, கடைசியில்தான் ஓடி. கண் திறந்திருக்க வேண்டும், தலை எதிராளியின் உடலுக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும், கன்னம் அவன் பின்புறத்தில் ஒட்ட வேண்டும். முதலில் தோள் படும், பிறகு கை சுற்றும். தலையைக் குனிந்து கண்ணை மூடுகிறவனின் தலைதான் முழங்காலில் போய் மோதுகிறது. காரணம் பெரும்பாலும் கால்: ஓரடி தள்ளியே நின்றுகொண்டு கையை நீட்டுகிறான், தலை முன்னே போய்விடுகிறது. கோட்டுக்கு வெளியே நின்று "அடிடா, போட்றா!" என்று கத்தும் அப்பாக்கள் இந்தத் தப்பைத்தான் வளர்க்கிறார்கள். கைதட்டுங்கள், போதும். ரெஃபரியிடம் பேசுவது கேப்டன் வேலை, உங்கள் வேலையல்ல.

தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே ஆளை வெளியே எடுத்துவிடுவோம். அன்று மறுபடி இறக்க மாட்டோம், இறுதி ஆட்டமாக இருந்தாலும். எந்த மைதானம், இது எத்தனாவது பாதி, கடைசியாக யார் டிரை (எதிரணியின் கோட்டில் பந்தைத் தரையில் ஊன்றி எடுக்கும் புள்ளி) போட்டது என்று கேட்போம். சரியாகப் பதில் சொன்னாலும் முடிவு மாறாது. அன்றிரவு அவனைத் தனியாக விடாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, கழுத்து வலி, இரட்டைப் பார்வை, கைகால் மரத்துப்போவது, எழுப்பினால் எழாத தூக்கம், இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு நடை, ஓட்டம், மோதல் இல்லாத பயிற்சி என்று மெல்ல ஏற்றி, ஆட்டத்துக்குத் திரும்பக் குறைந்தது 21 நாள். "ரெண்டு நாள்ல சரியாயிட்டான் சார்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவோம்.

மழைச் சேற்றில் எலி மூத்திரம் கலந்திருக்கும், சிராய்ப்பு வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரும். ஆறாத காயம் இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம். ஆடியதும் மைதானக் குழாயிலேயே சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், வீட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால், பிள்ளை சேற்றில் ஆடியதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்காமல் விட்டுவிடலாம். பூட்ஸை அடுப்புப் பக்கம் வைத்துக் காயவைக்காதீர்கள், ஒட்டு விட்டுப்போகும். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ராத்திரி ஒருமுறை மாற்றினால் காலைக்குள் ஓரளவு காய்ந்துவிடும்.