ஸ்டோவில் தடம்: ஸ்காபரோவிலிருந்து வடக்கே போகும் ரயில்

ரொறன்ரோ யூனியன் நிலையத்திலிருந்து கிழக்கே ஏரியோரமாகச் செல்லும் பெருந்தடம், நகரின் கிழக்குப் பகுதியில் உள்ள ஸ்காபரோ சந்திக்கு வந்ததும் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நேரே ஒஷாவா பக்கம் போகிறது. மற்றது இடப்புறம் வளைந்து வடக்கே திரும்பி, கென்னடி, அஜின்கோர்ட், மில்லிக்கன் ஆகிய இடங்களைக் கடந்து மார்க்கம் நகருக்குள் நுழைந்து, யூனியன்வில், சென்டேனியல், மார்க்கம், மவுண்ட் ஜோய், ஸ்டோவில் என நின்று நின்று ஓல்ட் எல்ம் நிலையத்தில் முடிகிறது. கனடாவுக்கு வந்த ஈழத்தமிழரில் பெரும் பங்கினர் முதலில் ஸ்காபரோவின் அடுக்குமாடிகளில் குடியிருந்து, கையில் கொஞ்சம் காசு சேர்ந்த பிறகு மார்க்கத்தில் வீடு வாங்கியவர்கள். எங்கள் வாழ்க்கை நகர்ந்த திசையும் இந்தத் தடம் போகும் திசையும் ஒன்றுதான். ஆனாலும் மிக நீண்ட காலம் இந்த ரயில் எங்களுக்காக ஓடவில்லை. ஒரு ரயில் யாருக்காக ஓடுகிறது என்பதை அதன் நேர அட்டவணையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பதை நான் இந்த நாட்டில்தான் கண்டுகொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வந்து சேர்ந்தபோது, அக்காவும் அத்தானும் கென்னடி நிலக்கீழ் ரயில் நிலையத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்த ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தார்கள். அவர்களுடைய பல்கனியிலிருந்து பார்த்தால் இரண்டு விதமான ரயில்கள் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் போவது தெரியும். ஒன்று 1985இல் தொடங்கிய ஸ்காபரோ ஆர்டி என்ற நகர ரயில். குட்டிப் பெட்டிகளோடு சில நிமிடங்களுக்கு ஒருமுறை வந்து போய்க்கொண்டே இருக்கும். மற்றது பச்சையும் வெள்ளையும் பூசிய, மாகாண அரசின் புறநகர்ப் பயணிகள் சேவையான கோ ரயில். அது காலையில் சில தடவைகள் நகரை நோக்கித் தெற்கே போகும், மாலையில் சில தடவைகள் வடக்கே திரும்பும். இடைப்பட்ட பகல் முழுவதும், இரவும், சனி ஞாயிறும் அந்தத் தடம் வெறுமையாகவே கிடக்கும். அதைவிட எனக்குப் புதிராக இருந்தது, அந்த ரயில் கென்னடியில் நிற்கவே நிற்காது என்பது. நிலக்கீழ் ரயிலும் ஆர்டியும் பஸ்களும் கூடுகிற அத்தனை பெரிய சந்திப்பை ஒட்டிச் சென்றும் அது நிறுத்தாமலே போய்விடும். கென்னடியில் கோ ரயிலுக்கு ஒரு மேடை கட்டப்பட்டது 2005இல்தான்.

எனக்கு மார்க்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பின்னேர வேலை கிடைத்தது. மூன்று மணிக்குத் தொடங்கி இரவு பதினொரு மணிக்கு முடியும் வேலை. நான் வடக்கே போகவேண்டிய நேரத்தில் வடக்கே போகும் ரயில் கிடையாது. தெற்கே திரும்பவேண்டிய நேரத்தில் எந்த ரயிலும் கிடையாது. ஆகவே ரொறன்ரோ பஸ்ஸில் ஸ்டீல்ஸ் வீதி வரை போய், அங்கே நகர எல்லையைக் கடப்பதற்கு இன்னொரு கட்டணம் கொடுத்து வேறொரு பஸ்ஸில் ஏறி, இறங்கி நடந்துதான் வேலைத்தளத்தை அடைவேன். எங்களோடு வேலை செய்த தமிழர், சீனர், பிலிப்பைன்ஸ் நாட்டவர் எல்லோருடைய நிலையும் அதுவே. தை மாதக் குளிரில் நள்ளிரவில் பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது, சற்றுத் தள்ளித் தண்டவாளம் பனி மூடிக் கிடப்பதைப் பார்ப்பது மனதுக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். காலையில் நகர மையத்து அலுவலகத்துக்குப் போய் மாலையில் வீடு திரும்புகிறவருக்கு மட்டும் உரிய சேவையாக அது இருந்தது. புதிதாக வந்தவர்களின் வேலைகளோ புறநகர்த் தொழிற்சாலைகளிலும் களஞ்சியங்களிலும் முதியோர் இல்லங்களிலும், விடியலுக்கு முன்னரும் நள்ளிரவுக்குப் பின்னரும் இருந்தன.

இது ஏன் இப்படி அமைந்தது என்ற கேள்வியோடுதான் நான் நூலகத்தில் இந்தப் பகுதியின் பழைய வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்தபோது, இந்தத் தடம் முதலில் மனிதர்களுக்காகவே போடப்பட்டதல்ல என்பது தெரிந்தது. 1860களில் ரொறன்ரோ வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. அதன் அடுப்புகளுக்கும் குளிர்காலத்துக்கும் வேண்டிய விறகு போதவில்லை, விலையும் ஏறிக்கொண்டிருந்தது. வடக்கே காடும் தானிய வயல்களும் இருந்தன. அவற்றைக் கொண்டுவர நல்ல வழி இருக்கவில்லை. ஜோர்ஜ் லெய்ட்லோ என்ற ஸ்கொட்லாந்துக்காரத் தானிய வணிகர், செலவு குறைந்த சிறிய ரயில்களைப் போட்டால் இந்த இரண்டையும் நகருக்குள் கொண்டுவரலாம் என்று ஊர் ஊராகப் பேசி ஆதரவு திரட்டினார். அவருக்குத் துணை நின்றவர்களுள் முக்கியமானவர்கள் குடர்ஹாம் குடும்பத்தினர். அவர்களுடைய பெரிய மது வடிசாலைக்குத் தானியம் வேண்டியிருந்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் நிறைந்திருக்கும் டிஸ்டிலரி மாவட்டத்துச் செங்கல் கட்டடங்கள் அந்த வடிசாலையுடையவை. ரயிலின் நகர முனையமும் அதற்கு அருகிலேயே, பெர்க்லி வீதியில், அமைந்தது.

ரொறன்ரோ நிப்பிசிங் ரயில் என்ற அந்த நிறுவனத்துக்கு 1868இல் உரிமம் கிடைத்தது. 1871இல் ரயில் அக்ஸ்பிரிட்ஜ் வரை ஓடியது, 1872இன் இறுதியில் கொபோகொங்க் என்ற சிற்றூரை எட்டியது. பெயரில் இருந்த நிப்பிசிங் ஏரியை அது ஒருபோதும் அடையவில்லை. செலவைக் குறைப்பதற்காகத் தண்டவாளங்களுக்கு இடையிலான அகலத்தை 3 அடி 6 அங்குலமாகச் சுருக்கினார்கள். நார்வேயில் கார்ல் பில் என்ற பொறியியலாளர் இதே அகலத்தில் ரயில் அமைத்து வெற்றி கண்டிருந்தார். எங்களில் பலர் குடியேறிய நார்வேக்கும் எங்களுடைய ஸ்காபரோவுக்கும் இப்படி ஒரு பழைய தொடர்பு இருப்பது எனக்கு மகிழ்ச்சி தந்த செய்தி. வட அமெரிக்காவில் பொதுமக்கள் பயணிக்கும்படி அமைந்த குறுகிய அகல ரயில்களில் மிக முந்தியவற்றுள் இதுவும் ஒன்று.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஸ்காபரோ சந்தியிலிருந்து நகருக்குள் வரத் தனித்தடம் போட வசதியில்லாததால், அங்கே ஏற்கெனவே ஓடிய கிராண்ட் ட்ரங்க் ரயிலின் தண்டவாளங்களுக்கு இடையே மூன்றாவது தண்டவாளம் ஒன்றைப் பதித்து, அதன்மேல் தங்கள் சிறிய ரயிலை ஓட்டினார்கள். அப்போது கிராண்ட் ட்ரங்கின் அகலம் 5 அடி 6 அங்குலம். அன்றைய கனடாவின் பொது அகலம் அதுவே. யாழ்ப்பாணத்துக்கு ஓடும் ரயில் இன்றைக்கும் ஓடுவது அதே 5 அடி 6 அங்குலத்தில்தான். கனடா 1870களில் அந்த அகலத்தைக் கைவிட்டு அமெரிக்காவோடு ஒத்த 4 அடி 8½ அங்குலத்துக்கு மாறியது. நிப்பிசிங் ரயிலின் குறுகிய அகலமும் நெடுநாள் நிலைக்கவில்லை. மற்ற ரயில்களோடு பெட்டிகளை மாற்றிக்கொள்ள முடியாததால் சரக்கை ஒவ்வொரு சந்தியிலும் இறக்கி ஏற்றவேண்டியிருந்தது. அந்தக் கூலியே, குறுகிய தடம் போட்டு மிச்சம் பிடித்த பணத்தைத் தின்றுவிட்டது. 1880களின் தொடக்கத்தில் தடம் அகலமாக்கப்பட்டது. நிறுவனமும் 1882இல் மிட்லண்ட் ரயிலோடு சேர்ந்து, பின்னர் கிராண்ட் ட்ரங்கின் கைக்குப் போய், 1923இல் கனேடியத் தேசிய ரயிலின் பகுதியாயிற்று.

அந்தக் காலத்துக் கட்டடங்களில் இரண்டு இன்னும் நிற்கின்றன. யூனியன்வில் பிரதான வீதிக்கு அருகில் உள்ள 1871ஆம் ஆண்டு மர நிலையம் இப்போது சமூகக் கூடமாக இருக்கிறது. மார்க்கத்தின் பழைய நிலையத்தைப் புதுப்பித்து, இன்றைக்கும் பயணிகள் பயன்படுத்தும்படி வைத்திருக்கிறார்கள். மார்க்கம் நிலையத்தின் சரிந்த கூரைக்குக் கீழே நின்று மரப்பலகைச் சுவரைத் தொட்டுப் பார்த்தால், நிலைகளும் சட்டங்களும் எத்தனை கவனத்தோடு செய்யப்பட்டவை என்பது தெரியும். சரக்குக்காகப் போட்ட தடம் என்றாலும், வந்து காத்திருப்பவருக்குக் காற்றும் மழையும் படக்கூடாது என்று யாரோ நினைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் லொறியும் காரும் வந்து விறகையும் தானியத்தையும் பயணிகளையும் எடுத்துக்கொண்டன. கொபோகொங்க் வரையான வடபகுதி 1960களில் கைவிடப்பட்டது. ஸ்டோவில் வரை மட்டும் நகரத்துக்கு வேலைக்குப் போவோருக்கான பயணிகள் ரயில் தப்பிப் பிழைத்தது. 1981இல் மத்திய அரசு தன் பயணிகள் ரயில் நிறுவனமான வியா ரயிலின் சேவைகளைப் பெருமளவில் வெட்டியபோது இதுவும் அந்தப் பட்டியலில் இருந்தது. 1982 செப்டெம்பரில் மாகாணத்தின் கோ டிரான்சிட் அதைப் பொறுப்பேற்றது. காலையில் ஒரு ரயில், மாலையில் ஒரு ரயில். எங்கள் ஊரில் கலவரத்துக்குத் தப்பி மக்கள் வெளியேறத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டு. ஆகவே நாங்கள் வந்து இறங்கியபோது இங்கே இருந்தது, சாவிலிருந்து மயிரிழையில் மீட்கப்பட்ட, மிகச் சிறிய ஒரு சேவை. இதை அறிந்த பிறகு பஸ் தரிப்பிடத்தில் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது. அது எங்களை ஒதுக்கியதால் அல்ல, தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததால்தான் அப்படி இருந்தது.

அம்மா ஸ்பொன்சரில் வந்து சேர்ந்த ஆண்டில், பல்கனியில் நின்று இந்த ரயிலைப் பார்த்து, "உந்தக் கோச்சி ஏன் பிள்ளை இங்கை நிக்காமல் போகுது?" என்று கேட்டார். யாழ்தேவியில் கொழும்புக்குப் போய்வந்தவர் அவர். 1990இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றுபோய், தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டதைக் கண்ணால் கண்டவர். அங்கே ரயில் திரும்பவும் யாழ்ப்பாணத்தை அடைய 2014 ஒக்ரோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தண்டவாளம் இருந்தும் ரயில் இல்லாத நிலையை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இந்தத் தடத்தில் பெரிய மாற்றம் வந்தது 2017இல். வேலைநாட்களில் பகல் நேரத்திலும், பின்னர் சனி ஞாயிறிலும், இரு திசையிலும் மணிக்கு ஒரு ரயில் ஓடத் தொடங்கியது. கேட்பதற்குச் சிறிய செய்தியாக இருக்கலாம். ஆனால் மார்க்கத்தில் குடியிருக்கும் ஒரு முதியவர் பிள்ளைகளின் காரை எதிர்பாராமல் நகரத்து மருத்துவரிடம் போய்வருவதும், ஸ்காபரோவில் இருப்பவர் வடக்கே பின்னேர வேலைக்குப் போவதும் அப்போதுதான் கைகூடின. அம்மாவை முதல் தடவை சக்கர நாற்காலியில் கூட்டிக்கொண்டு போனபோது அதன் ஏற்பாட்டை அருகிலிருந்து பார்த்தேன். தண்டர் பேயில் செய்யப்பட்ட இரட்டைத் தட்டுப் பெட்டிகள் அவை. ஒவ்வொன்றிலும் மேலும் கீழுமாக நிறைய இருக்கைகள். என்ஜினிலிருந்து எண்ணினால் ஐந்தாவது பெட்டியில் ரயில் ஊழியர் இருப்பார். ஒவ்வொரு நிலையத்திலும் மேடையின் ஓரிடம் மட்டும் சரிவாக உயர்த்தப்பட்டு, அந்தப் பெட்டியின் வாசலுக்கு நேராக இருக்கும். ரயில் நின்றதும் ஊழியர் இறங்கி, ஒரு பலகையைக் குறுக்கே போட்டு, அம்மாவின் நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, பலகையை மடித்து எடுத்த பிறகே கதவுகளை மூடினார். அந்த இடத்தில் மேடையைக் கட்டியவரும், பெட்டியை அதே வரிசையில் கோத்து அனுப்புகிறவரும், சரியான அடையாளத்தில் ரயிலை நிறுத்துகிற ஓட்டுநரும் ஒருவரையொருவர் அறியாமலே சேர்ந்து செய்கிற வேலை அது. முனையில் ரயிலைத் திருப்பவும் தேவையில்லை. ஒரு நுனியில் என்ஜின், மறு நுனியில் ஓட்டுநர் அறை கொண்ட பெட்டி. போகும்போது இழுத்தால் வரும்போது தள்ளும்.

எல்லா ரயிலும் ஓல்ட் எல்ம் வரை போகாததற்குக் காரணம் தண்டவாளத்தில்தான் இருக்கிறது. யூனியன்வில்லுக்கு வடக்கே பெரும்பாலும் ஒற்றைத்தடம். எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் விலகிப்போக இடம் இல்லாததால், ஒன்று வந்து சேரும்வரை மற்றது காத்திருக்கவேண்டும். ஒன்று தாமதமானால் மற்றதும் தாமதமாகும். தெற்குப் பகுதியில் ஸ்காபரோ சந்தியிலிருந்து யூனியன்வில் வரை இரண்டாவது தடம் போடும் வேலையும், பெருவீதிகளைத் தண்டவாளத்துக்குக் கீழே இறக்கும் வேலையும் பல ஆண்டுகளாக நடந்தன. அஜின்கோர்ட்டில் ஷெப்பர்ட் வீதியும் மில்லிக்கனில் ஸ்டீல்ஸ் வீதியும் இப்போது தடத்துக்குக் கீழாகப் போகின்றன. முன்னர் அந்தக் கடவைகளில் கார்கள் நீண்ட வரிசையில் நிற்கும்.

2023 யூலையில் ஸ்காபரோ ஆர்டி தடம் புரண்டு, அதன்பின் ஒருபோதும் திரும்ப ஓடவில்லை. அதன் பயணிகள் எல்லோரும் பஸ்ஸுக்குத் தள்ளப்பட்டார்கள். அந்தச் சங்கடத்துக்கு நடுவே 2024 பெப்ரவரியில் ஒரே கட்டணத் திட்டம் வந்தது. ரொறன்ரோ பஸ்ஸிலிருந்து கோ ரயிலுக்கோ மார்க்கம் அடங்கிய யோர்க் பிராந்தியத்தின் பஸ்ஸுக்கோ மாறும்போது இரட்டைக் கட்டணம் கொடுக்கவேண்டியதில்லை. நான் அந்நாட்களில் ஸ்டீல்ஸ் வீதியில் மாறும்போது கொடுத்த இரண்டாவது கட்டணம் இன்றைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இல்லை என்பதை நினைக்கும்போது மனம் நிறைகிறது.

தடத்தை ஒட்டி வீடு வைத்திருப்பவர்களின் சத்தக் கவலை நியாயமானது, அதற்குத் தடுப்புச் சுவர் கட்டவேண்டும். ஆனால் ரயில் கூடாது என்று சொல்லுகிறவர்களோடு என்னால் உடன்பட முடியாது. வடக்கேயும் இரண்டாவது தடம் போடப்படவேண்டும். கடைசி ரயில் பின்னேர வேலை முடிந்து வருகிறவர் ஏறக்கூடிய நேரத்தில் புறப்படவேண்டும். மார்க்கத்துக் களஞ்சியங்களில் இன்றிரவும் வேலை செய்கிறவர்களில் பலர் அண்மையில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். பொதுமக்கள் கருத்துக் கூட்டம் நடக்கும்போதெல்லாம் நான் போய், அவர்களுடைய வேலை நேரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, நேர அட்டவணையோடு பக்கத்தில் வைத்துக் காட்டிப் பேசிவருகிறேன்.